முதுகு வலி, கழுத்து வலி: ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் தரும், டீம் சிகிச்சைக்கு யார் தருவாங்க?



கையில 5 லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு. ஆறு மாசமா முதுகு வலி. டாக்டர் ரெண்டு வழி சொல்றார். ஒண்ணு, மூணு மாசம் பிசியோதெரபி, உடற்பயிற்சி, தேவைப்பட்டா கவுன்சிலிங். இன்னொண்ணு, ஆபரேஷன். நாம உடனே இன்சூரன்ஸ் டெஸ்க்ல போய் கேக்கறோம். "ஆபரேஷன்னா கேஷ்லெஸ் சார். பிசியோவுக்கு கிளெய்ம் கிடையாது"ன்னு பதில் வருது.

இந்த ஒரு பதில் பல குடும்பங்கள்ல சிகிச்சையையே முடிவு பண்ணிடுது. "இது ஃப்ரீ, அதுக்கு கைக்காசு போகும், அப்ப ஃப்ரீயா கிடைக்கறதையே பண்ணிடலாம்"னு மனசு கணக்கு போடுது. அந்தக் கணக்கு சரியான்னுதான் இந்தப் பதிவுல பாக்கப் போறோம். எந்த சிகிச்சை உங்களுக்கு வேணும்னு டாக்டர்தான் சொல்லணும். அதுக்கான பணத்தை எப்படித் திட்டமிடறதுங்கறதுதான் நம்ம வேலை.

முதல்ல வலியைப் பத்தி மூணு விஷயம்

1. முதுகு வலி உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2020-ல 61.9 கோடி பேருக்கு கீழ் முதுகு வலி இருந்திருக்கு. 2050-ல இது 84.3 கோடி ஆகும்னு எதிர்பாக்கறாங்க. உலகத்துல மனுஷங்களை முடக்கிப் போடற பிரச்சினைகள்ல முதல் இடம் இதுக்குத்தான்.

2. சுமார் 90% பேருக்கு "இந்த எலும்பு, இந்த நரம்பு"ன்னு ஒரு குறிப்பிட்ட காரணத்தைக் காட்ட முடியாது. தசை, மூட்டு, தூக்கம், மன அழுத்தம், வேலை பாக்கற விதம், பயம் எல்லாம் சேர்ந்து வலியை நீட்டிக்குது.

3. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்து பயந்துடாதீங்க. வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல 20 வயசுக்காரங்கள்லயே 37% பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துச்சு. 80 வயசுல 96% பேருக்கு. டிஸ்க் பிதுக்கம் 20 வயசுல 30% பேருக்கு, 80 வயசுல 84% பேருக்கு. இவங்க யாருக்குமே வலி இல்ல! அதனால ரிப்போர்ட்ல "பல்ஜ்"னு எழுதியிருக்கறதாலயே உங்க வலிக்கு அதுதான் காரணம்னு சொல்லிட முடியாது.

இந்த அறிகுறி இருந்தா பட்ஜெட் பாக்காதீங்க

கீழே இருக்கறதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்:

- சிறுநீர், மலம் போறதுல திடீர்னு கட்டுப்பாடு இல்லாம போறது, இல்ல சிறுநீரே வராம அடைச்சுக்கறது
- தொடைகளுக்கு நடுவுல, உக்கார்ற இடத்துல மரத்துப் போறது
- கால், கை பலம் நாளுக்கு நாள் குறையறது
- கழுத்து வலியோட சட்டை பட்டன் போட முடியாம கை தடுமாறறது, நடை தள்ளாடறது
- காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, முன்னாடி புற்றுநோய் இருந்திருக்கறது
- விபத்து, கீழே விழுந்ததுக்கு அப்புறம் வந்த வலி

இதுல சிலதுக்கு அவசர ஆபரேஷன்தான் சரியான சிகிச்சை. அங்க தாமதிச்சா நிரந்தர பாதிப்பு வரலாம். இனி நாம பேசப் போறது இந்த வகையில சேராத, மூணு மாசத்துக்கு மேல நீடிக்கற சாதாரண முதுகு, கழுத்து வலியைப் பத்தி.

டீம் சிகிச்சைன்னா என்ன?

இந்த யோசனைக்கு ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. ஜான் பொனிக்கான்னு ஒரு அமெரிக்க மயக்க மருந்து நிபுணர். மருத்துவம் படிக்க காசுக்காக மல்யுத்தம் பண்ணவர். அதுல பட்ட அடியால அவருக்கே வாழ்நாள் முழுக்க வலி. இரண்டாம் உலகப் போர்ல காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கு சிகிச்சை கொடுத்தப்ப, தீராத வலியை ஒரே ஒரு டாக்டரால சமாளிக்க முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சது. பல துறை ஆட்கள் ஒண்ணா உக்காந்து ஒரே நோயாளியைப் பத்திப் பேசணும்னு நினைச்சார். 1960-களோட தொடக்கத்துல சியாட்டில்ல இருக்கற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல அப்படி ஒரு வலி கிளினிக்கை ஆரம்பிச்சார்.

இன்னைக்கு அந்த டீம்ல பொதுவா இருக்கறவங்க:

- மருத்துவர்: பி.எம்.ஆர். எனப்படற மறுவாழ்வு மருத்துவர், எலும்பு மருத்துவர் அல்லது வலி நிபுணர். ஆபத்தான காரணம் இருக்கான்னு பார்த்து, மருந்தை முடிவு பண்றவர்.
- பிசியோதெரபிஸ்ட்: உங்க உடம்புக்கு ஏத்த பயிற்சியைக் கத்துக்கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கூட்டறவர்.
- உளவியல் நிபுணர்: "குனிஞ்சா முதுகு உடைஞ்சிடும்"ங்கற பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு இதையெல்லாம் கவனிக்கறவர். வலி பொய்னு யாரும் சொல்லல. நிஜமான வலியையே பயம் இன்னும் பெருசாக்கும், அதுக்குத்தான் இவர்.
- ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: நீங்க உக்கார்ற நாற்காலி, தூக்கற சுமை, ஓட்டற வண்டி, வேலைக்குத் திரும்பற முறை இதையெல்லாம் சரி பண்றவர்.

இதுல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. நாலு டாக்டரைத் தனித்தனியா போய்ப் பாக்கறது டீம் சிகிச்சை ஆகாது. அப்படிப் போனா என்ன நடக்கும்? ஒருத்தர் "நல்லா நட"ம்பார். இன்னொருத்தர் "ரெஸ்ட் எடு"ம்பார். மூணாவது ஆள் மறுபடியும் ஸ்கேன் எழுதுவார். காசும் போகும், குழப்பமும் கூடும். டீம்னா ஒரே பரிசோதனை, ஒரே திட்டம், ஒரே இலக்கு. எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கணும்.

இது உண்மையிலேயே பலன் தருதா?

2014-ல காக்ரேன் அமைப்பு 41 ஆய்வுகளை, மொத்தம் 6,858 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு, வழக்கமான சிகிச்சையை விட டீம் சிகிச்சையில வலியும் முடக்கமும் குறைஞ்சது. வெறும் உடல் சார்ந்த சிகிச்சை மட்டும் எடுத்தவங்களை விட, டீம் சிகிச்சை எடுத்தவங்க வேலையில இருக்கற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு. நம்ம மாதிரி மாச சம்பளத்துல ஓடற ஆளுங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஆனா மிகைப்படுத்தக் கூடாது. வலி குறைஞ்சது 10-க்கு சுமார் 0.5-ல இருந்து 1.4 புள்ளி வரைதான். "மொத்தமா போயிடும்"னு யாராவது விளம்பரம் பண்ணா நம்பாதீங்க. கழுத்து வலிக்கு இந்த அளவு ஆய்வு ஆதாரம் கிடையாது. அதனால எல்லாருக்கும் முழு டீம் வேணும்னும் இல்ல. பல பேருக்கு ஒரு நல்ல டாக்டரும் ஒரு நல்ல பிசியோவும் போதும். வலி மாசக்கணக்குல நீடிச்சு, வேலையும் தூக்கமும் கெடும்போதுதான் முழு டீம் தேவைப்படுது.

இன்சூரன்ஸ் எங்க கைவிடுது?

உங்க பாலிசி டாகுமென்ட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு இதைப் படிங்க.

*24 மணி நேர விதி.* டே-கேர் பட்டியல்ல இருக்கற சிகிச்சைகளைத் தவிர, குறைஞ்சது 24 மணி நேரம் அட்மிட் ஆனாத்தான் கிளெய்ம். டீம் சிகிச்சை முழுக்க வந்து போற சிகிச்சை, அதாவது ஓ.பி. அதனால சாதாரண பாலிசியில வராது.

*எக்ஸ்க்ளூஷன் கோட் 04.* பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனா கிடையாது. "ரெண்டு நாள் அட்மிட் ஆகிடுங்க, எம்.ஆர்.ஐ. செலவு இன்சூரன்ஸ்ல வந்துடும்"னு யாராவது சொன்னா உஷாரா இருங்க. கிளெய்ம் ரிஜெக்ட் ஆனா முழு பில்லும் உங்க தலையில விழும்.

*எக்ஸ்க்ளூஷன் கோட் 05.* ஓய்வுக்காகவும் மறுவாழ்வு சிகிச்சைக்காகவும் அட்மிட் ஆகறது இதுல வரும். டீம் சிகிச்சையோட பேரே ரீஹேபிலிடேஷன்தான். அதனால அட்மிட் ஆகி எடுத்தாலும் சிக்கல் வரலாம்.

*காத்திருப்புக் காலம்.* முதுகெலும்பு, டிஸ்க் பிரச்சினைகளைப் பல பாலிசிகள் குறிப்பிட்ட நோய்கள் பட்டியல்ல வெச்சிருக்கும். பெரும்பாலும் 24 மாசம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி அதிகபட்சம் 36 மாசம். விபத்தால வந்தா இந்தக் காத்திருப்பு கிடையாது. ஏற்கெனவே இருக்கற நோய்க்கும் காத்திருப்பு இப்ப அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4 வருஷமா இருந்துச்சு.

*ஓ.பி.டி. ரைடர்.* சில பாலிசிகள்ல கூடுதல் பிரீமியம் கட்டினா ஓ.பி. செலவும் வரும். எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. பிசியோதெரபி அதுல இருக்கா? வருஷ லிமிட் எவ்ளோ? 4,000 ரூபாய் கூடுதலா கட்டி 5,000 ரூபாய் லிமிட் கிடைச்சா, உங்களுக்கு நிஜமான லாபம் 1,000 ரூபாய்தான். அந்த 4,000-ஐ ஆர்.டி.யில போட்டுடலாம்.

கணக்கு போட்டுப் பாப்போம்

இது ஒரு கற்பனை உதாரணம். ரேட்டு ஊருக்கு ஊர் மாறும். உங்க ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே கணக்கு பண்ணிக்கோங்க. மாசம் 45,000 ரூபாய் சம்பளம் வாங்கற ஒருத்தர்னு வெச்சுக்குவோம்.

*வழி 1: 12 வார டீம் சிகிச்சை, கைக்காசு*

- டாக்டர் 3 தடவை × 700 = 2,100
- பிசியோ 16 தடவை × 500 = 8,000
- உளவியல் நிபுணர் 5 தடவை × 1,200 = 6,000
- மருந்து, எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை = 3,000
- நாற்காலி, லேப்டாப் ஸ்டாண்ட், கீபோர்டு = 6,000
- 24 தடவை போக வர × 100 = 2,400
- மொத்தம் = 27,500 ரூபாய்

*வழி 2: "ஃப்ரீ" ஆபரேஷன்*

- பில் 2,20,000. இன்சூரன்ஸ் கொடுக்கறது 2,00,000. கைக்காசு = 20,000
- 6 வாரம் வேலைக்குப் போக முடியல. 2 வாரத்துக்கு லீவு இருக்கு. மீதி ஒரு மாசம் சம்பளம் கட் = 45,000
- கூட இருக்கறவங்க செலவு, கார், சாப்பாடு = 10,000
- மொத்தம் = 75,000 ரூபாய்

இதோட நிக்கல. 5 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டர்ல 2 லட்சம் போயிடுச்சு. அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா மிச்சம் 3 லட்சம்தான், ரீஸ்டோரேஷன் வசதி இருந்தாத் தப்பிக்கலாம். நோ கிளெய்ம் போனஸும் அடிபடலாம். ஆபரேஷனுக்கு அப்புறமும் பிசியோ செய்யத்தான் வேணும்.

இதை வெச்சு "ஆபரேஷன் வேண்டாம்"னு முடிவு பண்ணாதீங்க. டாக்டர் மருத்துவக் காரணம் சொல்லி ஆபரேஷன் வேணும்னா பண்ணியே ஆகணும். ஆனா "இன்சூரன்ஸ் இருக்கே"ங்கறது மருத்துவக் காரணம் இல்ல. அவசரம் இல்லாத முதுகெலும்பு ஆபரேஷன்னா, அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டர்கிட்ட செகண்ட் ஒப்பீனியன் கேளுங்க. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்ல.

கைக்காசு குறைவா இருந்தா எங்க போறது?

*இ.எஸ்.ஐ.* மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம்னா உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கணும். நீங்க கட்டறது 0.75%, கம்பெனி கட்டறது 3.25%. தனியார் இன்சூரன்ஸ்ல இல்லாத பெரிய வசதி, இதுல ஓ.பி. சிகிச்சையும் உண்டு, குடும்பத்துக்கும் சேர்த்து. டாக்டர் லீவு எழுதிக் கொடுத்தா, தகுதி இருக்கறவங்களுக்கு சம்பளத்துல 70% வீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவித்தொகையும் கிடைக்கும். திருப்பூர்ல தையல் மெஷின் முன்னாடி நாள் முழுக்க குனிஞ்சு உக்கார்ற ஒருத்தருக்கு, இந்த கார்டு பல தனியார் பாலிசிகளை விட உபயோகமானது. கார்டை பீரோவுல பூட்டி வெச்சுட்டு பிரைவேட் கிளினிக்ல காசு கட்டாதீங்க.

*அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.* எலும்பு, நரம்பு, மனநலம், பிசியோதெரபின்னு எல்லாத் துறையும் ஒரே வளாகத்துல இருக்கும். சென்னை கே.கே. நகர்ல மறுவாழ்வுக்குன்னே அரசு நிறுவனம் இருக்கு. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும். ஆனா ஒரே ஓ.பி. சீட்டுல டீமோட பாதி ஆட்களைப் பாத்துடலாம்.

*மக்களைத் தேடி மருத்துவம்.* 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச திட்டம். தேவைப்படறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ கொடுக்கறதும் இதுல உண்டு. வீட்டை விட்டு வெளிய வர முடியாத வயசான அம்மா, அப்பா இருந்தா பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க.

உங்க டீமை நீங்களே அமைக்கலாம்

எல்லா ஊர்லயும் ரெடிமேட் டீம் கிளினிக் கிடையாது. பரவால்ல, இப்படி பண்ணுங்க:

1. ஒரு லீடர். ஒரே ஒரு டாக்டரை முடிவு பண்ணிக்கோங்க. மத்தவங்க சொல்ற மருந்து, ஸ்கேன் எல்லாத்தையும் அவர்கிட்ட காட்டிட்டுத்தான் செய்யணும்.
2. ஒரு ஃபைல். எல்லா சீட்டும், பில்லும், ரிப்போர்ட்டும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல. டாக்டர் மாறினா, போன மாசம் எடுத்த ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டாம்.
3. எழுதி வெச்ச இலக்கு. "வலி போகணும்"னு எழுதாதீங்க. "12 வாரத்துல ஒரு மணி நேரம் உக்காந்து வேலை பாக்கணும்", "குழந்தையைத் தூக்கணும்" மாதிரி அளக்க முடிஞ்சதா எழுதுங்க.
4. பேச வைங்க. பிசியோகிட்ட முன்னேற்றத்தை ரெண்டு வரி எழுதி வாங்கி டாக்டர்கிட்ட காட்டுங்க.
5. 6 வாரத்துல ஒரு ரிவ்யூ. இலக்கை நோக்கி நகரவே இல்லன்னா திட்டத்தை மாத்தச் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் காசு கொட்டாதீங்க

2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. கல்வி, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை இதெல்லாம் பரிந்துரைப் பட்டியல்ல இருக்கு. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் கரண்ட் மெஷின், ஓபியாய்டு வலி மாத்திரைகள் இதையெல்லாம் வழக்கமா கொடுக்க வேண்டாம்னு சொல்லுது.

அதனால பிசியோ கிளினிக் போனா கவனிங்க. படுக்க வெச்சு, மெஷினை மாட்டி, 20 நிமிஷம் கழிச்சு அனுப்பிட்டா, நீங்க மெஷினுக்கு வாடகைதான் கட்டறீங்க. பயிற்சி கத்துக் கொடுக்கறாங்களா, வீட்ல செய்ய எழுதித் தர்றாங்களான்னு பாருங்க. "30 சிட்டிங் பேக்கேஜ், இப்பவே கட்டினா ஆஃபர்"னா வேண்டாம். ஆறு ஆறா கட்டுங்க.

பாலிசி விஷயத்துல நாலு டிப்ஸ்

- மறைக்காதீங்க. முதுகு வலிக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்திருந்தா புரோபோசல் ஃபார்ம்ல எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைச்சா பின்னாடி கிளெய்மே போயிடும்.
- ஆபரேஷன் ஆனா பில்லை விடாதீங்க. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள், 90 நாள்னு பாலிசியில ஒரு காலம் இருக்கும். அதுக்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்து எடுக்கற பிசியோவை பெரும்பாலும் கிளெய்ம் பண்ணலாம். சீட்டும் பில்லும் முக்கியம்.
- ரிஜெக்ட் ஆனா விட்டுடாதீங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல சரியான பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்ல.
- வரி. 60 வயசு தாண்டின பெற்றோருக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லன்னா, அவங்க மருத்துவச் செலவை வருமான வரிக் கழிவுல வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை காட்டலாம். பிசியோ மாதிரி ஓ.பி. செலவும் சேரும். பழைய வரி முறையில மட்டும்தான். ரொக்கமா கொடுத்தா செல்லாது. யு.பி.ஐ., கார்டு, செக்ல கொடுத்து பில் வாங்கிக்கோங்க.

கடைசியா ஒரு வேலை

நம்ம உதாரணத்துல வந்த 27,500 ரூபாயை 11-ஆல வகுத்தா மாசம் 2,500. எமர்ஜென்சி ஃபண்ட் வேற, இது வேற. "ஓ.பி. ஃபண்ட்"னு தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. முதுகு வலி வரலன்னா பல்லுக்கோ, கண்ணுக்கோ உதவும். அந்தப் பணம் கையில இருந்தா, டாக்டர் முன்னாடி உக்காரும்போது "எதுக்கு கேஷ்லெஸ் கிடைக்கும்?"னு கேக்காம "எனக்கு எது சரியான சிகிச்சை?"னு கேக்கலாம்.

உங்க பாலிசியில ஓ.பி.டி. கவர் இருக்கா, அதுல பிசியோ வருதா? பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. வீட்ல யாராவது முதுகு வலின்னு சொல்லிட்டு இருந்தா இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க.